நீர்ப்பிரமி நினைவாற்றலைக் கூட்டுமா? மூளையில் அது செய்வதும் செய்யாததும்

கேள்வி இதுதான்: நீர்ப்பிரமி சாப்பிட்டால் ஞாபகசக்தி கூடும் என்பது எவ்வளவு உண்மை? மூளையின் வேதியியலில் அது எதை மாற்றுகிறது? தேர்வுக்குப் படிக்கும் மகனுக்கும், மறதி எட்டிப் பார்க்கத் தொடங்கிய அப்பாவுக்கும் கொடுக்கலாமா?

பதிலின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீர்ப்பிரமி உங்களை வேகமாகக் கற்கவைப்பதில்லை. கற்றது கழன்று போகும் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கிறது. அதுவும் ஏறக்குறைய 12 வாரம் விடாமல் எடுத்த பிறகு. இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் மூலிகையைப் பற்றிய விளம்பரங்களில் பாதி தானாகவே கழிந்துவிடும். தேர்வுக்குப் பத்து நாள் முன்பு தொடங்குவதில் பயனில்லை என்பதும் தெளிவாகிவிடும்.

எந்தச் செடியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் தீர்த்துக்கொள்வோம். ஆய்வுகளைப் படித்தவர்களும் இடறுகிற இடம் இது. ‘பிரம்மி’ என்ற பெயரில் இரண்டு செடிகள் விற்பனையாகின்றன. ஒன்று நீர்ப்பிரமி, தாவரவியல் பெயர் பகோபா மோனியரி. மற்றது வல்லாரை, சென்டெல்லா ஏசியாட்டிகா. இரண்டும் வேறு வேறு குடும்பம், வேறு வேறு வேதிப்பொருள். நீர்ப்பிரமி ஈரநிலத்தில் படரும் சதைப்பற்றுள்ள கொடி. இலைகள் தடித்து, காம்பில்லாமல், எதிரெதிராக, ஒன்று முதல் இரண்டு செ.மீ. நீளத்தில் சிறு கரண்டி வடிவில் இருக்கும். இலைக்கணுவில் ஐந்து இதழ் கொண்ட வெள்ளை அல்லது வெளிர் ஊதாப் பூ ஒற்றையாக வரும். மென்றால் நல்ல கசப்பு. வல்லாரைக்கு நீண்ட காம்பின் நுனியில் சிறுநீரக வடிவ இலை, ஓரம் அலையலையாக வெட்டியிருக்கும், காம்பு இலையின் பிளவில் வந்து சேரும். காம்பு இலையின் நடுவில் குடை போலச் சேர்ந்தால் அது வல்லாரையும் இல்லை, அதைப்போலத் தோன்றும் வேறொரு செடி. பச்சையாக இருக்கும்வரை இவற்றைப் பிரிப்பது எளிது. உலர்த்தி அரைத்துவிட்டால் கண்ணால் பிரிக்கவே முடியாது. ஆகவே பொடியோ மாத்திரையோ வாங்கினால் தாவரவியல் பெயர் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். ‘பிரம்மி’ என்று மட்டும் போட்டிருந்தால் எதை வாங்குகிறீர்கள் என்று தெரியாமல் வாங்குகிறீர்கள்.

இடையில் ஒன்று. ஆயுர்வேதத்தின் பழைய நூலான சரகசம்ஹிதை அறிவை வளர்க்கும் இரசாயனங்களாக (உடலைத் தேற்றும் மருந்துகளாக) நான்கைக் குறிப்பிடுகிறது: மண்டூகபர்ணிச் சாறு, பாலுடன் அதிமதுரப் பொடி, சீந்தில் சாறு, சங்குபுஷ்பிக் கல்கம் (அரைத்த விழுது). மண்டூகபர்ணியை வல்லாரை என்றே பெரும்பாலோர் கொள்கிறார்கள். அந்த நால்வர் பட்டியலில் நீர்ப்பிரமி இல்லை. ஆனால் இன்றைய மனித ஆய்வுகளில் தேறி நிற்பது பெரும்பாலும் நீர்ப்பிரமிதான். இதனால் எந்த நூலும் சிறுத்துவிடாது. ஒரு செடிக்கான சான்றை இன்னொன்றின் பெட்டியில் ஒட்டாதிருந்தால் போதும்.

இனி மூளைக்குள். நீர்ப்பிரமியின் செயலுள்ள பகுதி பேக்கோசைடுகள் எனப்படும் சப்போனின்கள், அதாவது சோப்பு போல நுரைக்கும் தாவரப்பொருட்கள். லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் 1960-களில் இவற்றைப் பிரித்தெடுத்தது. ‘பேக்கோசைடு ஏ’ ஒற்றை மூலக்கூறு அல்ல, நான்கு சப்போனின்களின் கலவை. ஒவ்வொன்றும் ஒரு கொழுப்புத்தன்மையுள்ள உடலும் அதில் ஒட்டிய சர்க்கரைச் சங்கிலியுமாக இருக்கிறது. மூலக்கூறு எடை சுமார் 900 டால்டன் (மூலக்கூறின் எடையை அளக்கும் அலகு).

இங்கே ஒரு சிக்கல். இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கிறது. 500 டால்டனுக்கு மேற்பட்ட, சர்க்கரை சுமந்த மூலக்கூறுகள் அதைத் தாமாக ஊடுருவுவது அரிது. அப்படியானால் பேக்கோசைடு எப்படி மூளையில் வேலை செய்யும்? இப்போதைக்குப் பொருத்தமாகப்படும் விளக்கம் இது: குடலில் சர்க்கரைச் சங்கிலி வெட்டப்படுகிறது. மிஞ்சும் உடல்பகுதி ஜுஜுபோஜெனின், சூடோஜுஜுபோஜெனின் என்பவை. அமிலத்தில் அவை மேலும் மாறினால் எபெலின் லேக்டோன் கிடைக்கும். கணினிக் கணிப்புகளில் இந்தச் சிறிய மூலக்கூறுகள் தடுப்பைத் தாண்டும் தகுதி பெறுகின்றன. அசிட்டைல்கோலின், செரோட்டோனின் இரண்டும் நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் வேதித்தூதுவர்கள், அவை வந்து ஒட்டும் இடங்கள் ஏற்பிகள். எபெலின் லேக்டோன் அசிட்டைல்கோலினின் எம்1 ஏற்பியிலும் செரோட்டோனினின் 5-ஹெச்.டி. 2ஏ ஏற்பியிலும் பொருந்துகிறது. தாய் மூலக்கூறோ எங்கும் சரியாகப் பொருந்தவில்லை. இது உண்மையானால் நடைமுறையில் ஒரு விளைவு உண்டு: ஒரே மாத்திரையை விழுங்கிய இருவரில் குடல் நுண்ணுயிர்கள் வேறாக இருந்தால் பலனும் வேறாக இருக்கும். ‘எனக்கு ஒன்றும் செய்யவில்லை’ என்பவர் பொய் சொல்லவில்லை.

மூளைக்குள் போனபின் அது தொடும் இடங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அசிட்டைல்கோலின் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். கவனம் நிலைக்கவும், புதுச் செய்தி ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப்பகுதியில் பதியவும் இந்த வேதித்தூதுவன் வேண்டும். இதைச் சிதைக்கும் நொதி அசிட்டைல்கோலினெஸ்டரேஸ். ஸ்கோபோலமின் என்ற மருந்தைக் கொடுத்து அசிட்டைல்கோலின் ஏற்பிகளை அடைத்தால் எலி கற்றதை மறக்கும். நீர்ப்பிரமி கொடுத்த எலிகளில் அந்த மறதி குறைகிறது, நொதியின் செயலும் தணிகிறது. இதை வைத்து ‘நீர்ப்பிரமி இயற்கையான டோனெபெசில்’ என்று எழுதுகிறார்கள் (டோனெபெசில் அல்சைமர் நோய்க்குக் கொடுக்கும் மருந்து). அது மிகை. டோனெபெசில் அந்த நொதியை நானோமோல் என்ற மிக நுண்ணிய அளவிலேயே முடக்குகிறது. நீர்ப்பிரமிச் சாற்றுக்கு ஆய்வுக்குழாயில் அதைவிடப் பல மடங்கு செறிவு தேவைப்படுகிறது. மனிதர்களில் கிடைக்கும் பலனுக்கு நொதியை அடைப்பது மட்டுமே காரணமாக இருக்கமுடியாது. அப்படி இருந்தால் பலன் முதல் வேளையிலேயே தெரிய வேண்டும்.

முதல் வேளையில் தெரிகிறதா என்பதைச் சோதித்திருக்கிறார்கள். 2001-இல் ஆஸ்திரேலியாவில் ஆரோக்கியமானவர்களுக்கு 300 மி.கி. சாற்றை ஒரே முறை கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பரிசோதித்தபோது அறிவுத்திறனில் எந்த மாற்றமும் இல்லை. அதே ஆண்டு, அதே நாட்டில், 46 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வில் தினம் 300 மி.கி. கொடுத்து 5-ஆம் வாரமும் 12-ஆம் வாரமும் சோதித்தார்கள். காட்சித் தகவலைக் கையாளும் வேகம், சொற்பட்டியலை நினைவில் நிறுத்துவது ஆகியவற்றில் முன்னேற்றம் 12-ஆம் வாரத்தில்தான் உச்சமாக இருந்தது. பதற்றமும் குறைந்திருந்தது. பின்னாளில் 320, 640 மி.கி. ஒரே வேளையாகக் கொடுத்த ஆய்வில் மனநிலையிலும் கார்ட்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோனின் அளவிலும் சில அசைவுகள் தெரிந்தன. அது மன அழுத்தத்தின் கதை, நினைவின் கதை அல்ல.

ஏன் 12 வாரம்? இங்கேதான் மற்ற பாதைகள் வருகின்றன. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட எலி ஆய்வில், நீர்ப்பிரமி இலைச்சாறு டிரிப்டோஃபான் ஹைட்ராக்சிலேஸ்-2 என்ற நொதியின் உற்பத்தியைக் கூட்டியது. செரோட்டோனின் தயாரிப்பில் முதல் படி அந்த நொதிதான். கூடவே செரோட்டோனினை மீள உறிஞ்சும் கடத்தியும் கூடியது. ஒரு நொதியின் உற்பத்தியைக் கூட்டுவதென்றால் மரபணு வாசிக்கப்பட வேண்டும், புரதம் கட்டப்பட வேண்டும். மணிக்கணக்கில் முடியும் வேலை அல்ல அது. நீண்டகால நினைவும் அப்படித்தான், கிரெப் என்ற புரதம் தூண்டும் புதுப் புரத உற்பத்தியில்லாமல் நிலைக்காது. எலிகளில் நீர்ப்பிரமி இந்தப் பாதையையும் தூண்டுவதாகக் கண்டிருக்கிறார்கள்.

இவை எல்லாவற்றையும்விட என் கவனத்தைக் கட்டிப்போடுவது மணிப்பாலில் செய்த எலி ஆய்வு. நீர்ப்பிரமிச் சாற்றை உடல் எடையில் கிலோவுக்கு 20, 40, 80 மி.கி. என்று 2, 4, 6 வாரங்களுக்குக் கொடுத்து, அமிக்டலா நியூரான்களின் கிளைகளை நுண்ணோக்கியில் எண்ணினார்கள். 40, 80 மி.கி. பெற்று 4 அல்லது 6 வாரம் கடந்தவற்றில் கிளைகள் நீண்டும் பெருகியும் இருந்தன. எலியின் அளவை மனித அளவாக்க வழக்கமாக 6.2-ஆல் வகுப்பார்கள்: 40-ஐ வகுத்தால் கிலோவுக்கு சுமார் 6.5 மி.கி., 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 390 மி.கி. மனித ஆய்வுகளில் கொடுத்த 300 மி.கி.க்கு வெகு தூரமில்லை. எலிக்கு ஆகாயத்தளவு கொடுத்துவிட்டு மனிதனுக்குத் துளி கொடுக்கும் மூலிகை ஆய்வுகள் ஏராளம், இது அந்த ரகமல்ல. அமிக்டலா உணர்ச்சி தொடர்பான கற்றலின் இடம் என்பதையும் மறக்கக்கூடாது. இந்த முடிவை அப்படியே ‘மூளை வளர்கிறது’ என்று மொழிபெயர்க்க முடியாது.

ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு பற்றிச் சுருக்கமாக: எலி மூளையின் முன்புறணி, ஸ்ட்ரையேட்டம், ஹிப்போகாம்பஸ் பகுதிகளில் சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ் போன்ற காப்பு நொதிகள் கூடுகின்றன. எந்தப் பச்சிலையை எடுத்தாலும் இப்படி ஒரு கட்டுரை கிடைக்கும் என்பதால் இதற்கு நான் அதிக எடை தருவதில்லை.

மனிதரிடம் கண்டதற்கு வருவோம். ‘மறப்பதைக் குறைக்கிறது’ என்று மேலே சொன்னதன் அடிப்படை 2002-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு. 40 முதல் 65 வயதுள்ள 76 பேர், மூன்று மாதம். எடை 90 கிலோவுக்குக் கீழே இருந்தவர்களுக்கு 300 மி.கி., மேலே இருந்தவர்களுக்கு 450 மி.கி. கற்கும் வேகத்தில் நீர்ப்பிரமிக் குழுவுக்கும் பொய்மாத்திரைக் குழுவுக்கும் வித்தியாசமில்லை. கற்றதைப் பிறகு திருப்பிச் சொல்வதில் நீர்ப்பிரமிக் குழு முந்தியது. 2008-இல் அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்ட 54 பேரிடம் நடந்த ஆய்விலும் தாமதித்துச் சொல்லும் சொற்களில் முன்னேற்றம் இருந்தது. அங்கே இதயத்துடிப்பும் கொஞ்சம் குறைந்தது. இதைப் பின்னால் எடுத்துக்கொள்கிறேன். 2014-இல் 9 ஆய்வுகளை, 518 பேரை, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது கவனத்தின் வேகத்தில் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் அது சில மில்லிநொடிகள், எதிர்வினை நேரத்தில் பத்து மில்லிநொடி சுமார். புள்ளியியலில் உண்மை, அன்றாட வாழ்வில் சிறியது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வல்லாரைக்கு இதே கேள்வியைக் கேட்டால் பதில் வேறு. அதன் பொருட்கள் ஏசியாட்டிகோசைடு, மேடகாசோசைடு, ஏசியாட்டிக் அமிலம் ஆகியவை. அவை காபா என்ற அடக்கும் தூதுவன் பக்கம் சாய்கின்றன. 2000-இல் வந்த ஓர் ஆய்வில் 12 கிராம் வல்லாரையை ஒரே வேளை கொடுத்தபோது திடீர் ஒலிக்குத் திடுக்கிடுவது அரை மணி, ஒரு மணி நேரத்தில் குறைந்தது. தாய்லாந்தில் 28 முதியவர்களிடம் இரண்டு மாதம் நடந்த ஆய்வில் 750 மி.கி. சாறு பெற்றவர்களின் செயல்நினைவு மேம்பட்டது. ஆனால் 2017-இல் ஆய்வுகளைத் தொகுத்தபோது அறிவுத்திறனில் மொத்தமாகக் குறிப்பிடத்தக்க பலன் இல்லை, விழிப்புணர்வும் மனநிலையும்தான் சற்று மேம்பட்டன. வல்லாரை மனத்தை அமைதிப்படுத்துகிறது என்று சொல்லலாம். நினைவுக்கு என்று வாங்கினால் நீர்ப்பிரமிதான் சரியான செடி.

எவ்வளவு, எந்த வடிவில்?

ஆய்வுகளில் கொடுத்தது செறிவூட்டிய சாறு, தினம் 300 மி.கி., அதில் ஏறத்தாழ பாதி பேக்கோசைடு என்று கணக்கு. அதாவது 150 மி.கி. பேக்கோசைடு. ஆயுர்வேத மருந்துநூல் அளவு பொடியாக 1 முதல் 3 கிராம். உலர்ந்த செடியில் பேக்கோசைடு சில சதவிகிதம்தான். 3 சதவிகிதம் என்றே வைத்துக்கொண்டால் 3 கிராம் பொடியில் 90 மி.கி. கிடைக்கும். 1 கிராமில் 30. அரை ஸ்பூன் பொடியை வாரத்தில் நான்கு நாள் கலக்கிக் குடித்துவிட்டு ‘ஆய்வில் பலன் வந்ததே’ என்று எதிர்பார்க்க முடியாது. பச்சைச் செடி என்றால் அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். 3 கிராம் பொடிக்கு ஈடாக 30 கிராம் பச்சைக்கொடி வேண்டும். எந்தப் பருவத்தில் அறுத்தது, தண்டும் இலையுமா வேரோடா என்பதைப் பொறுத்தும் அளவு மாறும். மேல்பகுதிதான் செறிவானது.

லேபிளைப் படிக்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. ‘50% பேக்கோசைடு’ என்பதை எப்படி அளந்தார்கள் என்பது முக்கியம். புற ஊதா ஒளி உறிஞ்சலை வைத்து அளந்தால் மற்ற பொருட்களும் சேர்ந்து எண்ணிக்கை உயர்ந்துவிடும். கலவையிலுள்ள பொருட்களைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. முறையில் ஒவ்வொரு சப்போனினையும் தனித்தனியே அளந்தால் அதே பொருள் பாதிக்கும் கீழே காட்டக்கூடும். ஆகவே எச்.பி.எல்.சி. முறையில் 20 சதவிகிதம் என்று போட்டிருப்பது, முறையே சொல்லாத 50 சதவிகிதத்தைவிட மட்டம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

உணவுக்குப் பிறகே எடுக்க வேண்டும், அந்த உணவில் சிறிது கொழுப்பு இருப்பது நல்லது. பழைய முறையில் இதை நெய்யில் காய்ச்சியதில் நியாயம் உண்டு. சப்போனினின் உடல்பகுதி கொழுப்பில் கரைவது, சர்க்கரைப் பகுதி தண்ணீரில் கரைவது, இரண்டையும் வாங்கிக்கொள்ள நெய்க்காய்ச்சலில் தண்ணீரும் நெய்யும் இருக்கின்றன. வெறும் வயிற்றில் எடுத்தால் குமட்டல், வயிற்றுப் பிசைவு, அடிக்கடி மலம் கழிக்கத் தோன்றுவது ஆகியவை வரும். ஆய்வுகளில் பலர் பாதியில் நிறுத்தியதும் இதனால்தான். குடலின் அசைவைக் கூட்டுவதும் அசிட்டைல்கோலின்தான் என்பதையும், சப்போனின் குடல் சவ்வை உறுத்தும் என்பதையும் நினைத்தால் இது எதிர்பார்க்கக்கூடியதே. 300-ஐ இரண்டு 150-ஆகப் பிரித்து, முதல் வாரம் ஒரு வேளை மட்டும் எடுத்துப் பழக்கினால் பெரும்பாலோருக்கு அடங்கிவிடும். சிலருக்குத் தூக்கக் கலக்கம் வரும், அவர்கள் இரவு உணவுக்குப் பின் வைத்துக்கொள்ளலாம்.

பொடியை நீரில் போட்டுக் குலுக்கினால் நுரை நிற்கிறதா என்று பார்த்து ‘அசல்’ என்று முடிவு செய்பவர்கள் உண்டு. நுரை சப்போனின் இருப்பதைத்தான் சொல்லும், எந்தச் செடியின் சப்போனின் என்று சொல்லாது. வல்லாரையும் நுரைக்கும்.

அடுத்தது பலர் யோசிக்காத ஆபத்து. நீர்ப்பிரமி கனஉலோகங்களை உறிஞ்சிச் சேமிக்கும் செடி. மாசுபட்ட நீரிலிருந்து காட்மியம், ஈயம், குரோமியம், பாதரசத்தை எடுக்க இதையே பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். கழிவுநீர்க் கால்வாய் ஓரம் செழித்து நிற்கும் நீர்ப்பிரமி பார்க்க அழகாக இருக்கும், உள்ளே இருப்பது வேறு. ஈயம் நினைவைக் கெடுக்கும் உலோகம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சொந்தமாக வளர்ப்பதானால் சுத்தமான மண், சுத்தமான நீர், தொட்டியில் வளர்ப்பது. வாங்குவதானால் அந்தத் தொகுதிக்கான கனஉலோகச் சோதனை முடிவைக் கேட்பது. நீர்நிலைச் செடிகளைப் பச்சையாகச் சாறெடுத்துக் குடிப்பதில் கல்லீரல் புழு, அமீபா தொற்றும் அபாயமும் உண்டு. நன்றாகக் கழுவி, காய்ச்சியே குடிக்க வேண்டும். காய்ச்சுவதால் சப்போனின் நீரில் இறங்கும், குடிநீரின் கசப்பே அதைச் சொல்லும்.

பலன் இருக்கிறதா என்று எப்படி அறிவது?

‘இப்போது தெளிவாக இருக்கிறது’ என்ற உணர்வை நம்பாதீர்கள். பொய்மாத்திரை வாங்கியவர்களுக்கும் அந்த உணர்வு வருகிறது. அதற்குப் பதிலாக, ஆய்வுகளில் பயன்படுத்திய சோதனையின் எளிய வடிவத்தை வீட்டில் செய்யலாம். தொடர்பில்லாத 15 சாதாரணச் சொற்களைக் கொண்ட ஆறு பட்டியல்களை இன்னொருவர் தயாரிக்கட்டும், நீங்கள் முன்கூட்டிப் பார்க்கக்கூடாது. ஒரு பட்டியலை அவர் நொடிக்கு ஒரு சொல்லாக வாசிப்பார், நீங்கள் நினைவிருப்பதைச் சொல்வீர்கள், அவர் எண்ணிக்கொள்வார். இதே பட்டியல் ஐந்து முறை. பிறகு 30 நிமிடம் வேறு வேலை, சொற்களை முணுமுணுக்கக்கூடாது. அரை மணி கழித்து வாசிக்காமல் நேராகக் கேட்பார். ஐந்தாம் முறை சொன்னதற்கும் அரை மணி கழித்துச் சொன்னதற்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் எண். ஐந்தாம் முறையில் 13, பிறகு 9 என்றால் 4 சொற்கள் கழன்றுவிட்டன.

தொடங்குமுன் இரண்டு நாள் இடைவெளியில் இரு பட்டியல்கள், 6-ஆம் வாரம் ஒன்று, 12-ஆம் வாரம் இரண்டு, நிறுத்தி ஆறு வாரம் கழித்து ஒன்று. தொடக்கத்தில் இரண்டு எதற்கு என்றால், சோதனையே ஒரு பழக்கம், இரண்டாவது முறை எல்லோரும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்வார்கள். அந்தக் கூடுதலை மூலிகையின் கணக்கில் எழுதிவிடக்கூடாது. எல்லாச் சோதனையும் ஒரே நேரத்தில், ஒரே அளவு தூக்கத்துக்குப் பிறகு. இடையில் காபியை விட்டாலோ நடைப்பயிற்சி தொடங்கினாலோ கணக்கு கலைந்துவிடும். 12 வாரம், வேண்டுமானால் 16 வாரம், அதற்குள் கழன்ற சொற்களின் எண்ணிக்கை இறங்கவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். அளவை இரட்டிப்பாக்கிப் பார்ப்பதில் வயிறுதான் கெடும்.

யார் விலகி இருக்க வேண்டும்

இதயத்துடிப்பு ஏற்கெனவே மெதுவாக இருப்பவர்கள், துடிப்பைக் குறைக்கும் பீட்டா தடுப்பான் எடுப்பவர்கள், டோனெபெசில் அல்லது அதே வகை மருந்தான ரிவாஸ்டிக்மின் எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்கக்கூடாது. இவை எல்லாம் துடிப்பை ஒரே திசையில் தள்ளுகின்றன. ஆஸ்துமா, சிறுநீர் அடைப்பு உள்ளவர்களுக்கும் இதே எச்சரிக்கை. எலி வகையில் ஒன்றான சுண்டெலியிடம் கிலோவுக்கு 200 மி.கி. கொடுத்தபோது தைராய்டு ஹார்மோன் டி4 சுமார் 41 சதவிகிதம் ஏறியது. அது பெரிய அளவுதான், ஆனாலும் தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் தொடங்கி ஆறு வாரத்தில் ஒரு பரிசோதனை செய்துகொள்வது நல்லது. கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் சைட்டோகுரோம் நொதிகளை நீர்ப்பிரமிச் சாறு ஆய்வுக்குழாயில் தடுக்கிறது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், வலிப்பு மருந்துகள் போன்று அளவு கொஞ்சம் மாறினாலும் ஆபத்தாகும் மருந்து எடுப்பவர்கள் இதைத் தானாகச் சேர்க்கக்கூடாது. ஆண் சுண்டெலிகளில் விந்தணு உற்பத்தி குறைந்து, நிறுத்தியபின் மீண்டது. குழந்தைக்கு முயலும் தம்பதியர் இதைத் தள்ளிவைக்கலாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தவிர்க்கட்டும். வல்லாரை மாத்திரையைச் சில வாரங்கள் எடுத்த மூன்று பெண்களுக்குக் கல்லீரல் அழற்சி வந்ததாக 2005-இல் பதிவாகியிருக்கிறது, மஞ்சள்காமாலை வந்தவர்கள் அதையும் தொட வேண்டாம்.

இப்போது மகன். ஆஸ்திரேலியாவில் 6 முதல் 14 வயதுள்ள, கவனம் சிதறும், ஓயாது துருதுருவென்றிருக்கும் சிறுவர்களுக்கு 14 வாரம் நீர்ப்பிரமி கொடுத்துப் பார்த்தார்கள். நடத்தையில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. ஆரோக்கியமான மாணவனுக்கு இதைக் கொடுத்து மதிப்பெண் ஏறும் என்று எதிர்பார்க்க எந்த அடிப்படையும் இல்லை. மறப்பதைக் குறைக்க அவனிடம் ஏற்கெனவே வலுவான வழி இருக்கிறது: படித்ததை மறுநாளும், மூன்றாம் நாளும், வாரம் கழித்தும் புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்ப்பது, எட்டு மணி நேரம் தூங்குவது. 18 வயதைத் தாண்டி, தேர்வு நான்கு மாதத்துக்கு அப்பால் இருந்து, அவனே விரும்பினால் முயன்று பார்க்கட்டும்.

அப்பா விஷயத்தில் வரிசை மாற வேண்டும். மூலிகை முதலில் அல்ல, காரணம் தேடுவது முதலில். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, தூக்கத்தில் மூச்சு தடைபடுவது, சில வாரம் முன்பு விழுந்ததில் மண்டைக்குள் கசிந்த இரத்தம் ஆகிய எல்லாமே மறதியாக வெளிப்படும், எல்லாவற்றுக்கும் சிகிச்சை உண்டு. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினும் வயிற்று அமிலத்துக்கான ஒமிப்ரசோலும் வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்குப் பி12 இறங்குவது சகஜம். அவருடைய மருந்துப் பையையும் ஒருமுறை கொட்டிப் பாருங்கள்: சளிக்கான குளோர்ஃபெனிரமின், தூக்கத்துக்கான டைஃபென்ஹைட்ரமின், நரம்பு வலிக்கான அமிட்ரிப்டிலின், சிறுநீர் அவசரத்துக்கான ஆக்சிபியூட்டினின் எல்லாமே அசிட்டைல்கோலினை அடைப்பவை. ஒரு கையால் அடைத்துக்கொண்டே மறு கையால் நீர்ப்பிரமி கொடுப்பதில் அர்த்தமில்லை. அந்த மாத்திரையை மருத்துவர் மாற்றிக்கொடுத்தாலே சிலருக்குத் தெளிவு திரும்பிவிடும்.

அல்சைமர் என்று உறுதியானால்? சண்டிகரில் நீர்ப்பிரமி 300 மி.கி.யை டோனெபெசில் 10 மி.கி.யோடு 52 வாரம் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. இதைப் ‘டோனெபெசிலுக்குச் சமம்’ என்று விளம்பரத்தில் பார்த்தால் ஏமாறாதீர்கள். பங்கேற்றவர்கள் 34 பேர்தான். அத்தனை சிறிய ஆய்வில் உண்மையான வேறுபாடு இருந்தாலும் கண்ணில் படாது. வேறுபாடு தெரியாமல் போவது ஒன்று, சமம் என்று நிரூபிப்பது வேறொன்று, அதற்குப் பல மடங்கு ஆட்கள் வேண்டும். மருத்துவர் கொடுத்த மருந்தை நிறுத்திவிட்டு நீர்ப்பிரமிக்கு மாறுவதை இந்த ஆய்வு ஆதரிக்கவில்லை.

ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, தெரிந்த வழியில் தொலைந்துபோவது, பணக்கணக்கில் புதிதாகத் தடுமாறுவது இவற்றில் ஒன்றிருந்தாலும் நரம்பியல் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். திடீரென்று ஓரிரு நாளில் குழப்பம் வந்தால் அது மறதியே அல்ல, தொற்றோ பக்கவாதமோ சோடியம் குறைவோ இருக்கலாம், அன்றே மருத்துவமனை. போகும்போது அவர் எடுக்கும் எல்லா மாத்திரைகளோடு மூலிகைப் பொடியின் டப்பாவையும் எடுத்துப் போங்கள்.